கவிழ்த்துப் பிடித்த கிட்டார்

கேள்வி: என் 12 வயது மகனுக்கு இடது கைப் பழக்கம். வாங்கிக் கொடுத்திருப்பது சாதாரண கிட்டார். வகுப்பில் வலது கைக்கு மாறச் சொல்கிறார்கள். அவனோ யூடியூபில் ஆல்பர்ட் கிங் என்பவரைப் பார்த்துவிட்டு, "இவர் மாதிரி திருப்பிப் பிடித்துத்தான் வாசிப்பேன்" என்று அடம்பிடிக்கிறான். யார் இவர்? அவன் போக்கில் விடலாமா?
— ஒரு தாய்

பதில்: பையனுக்கு ரசனை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆல்பர்ட் கிங் அமெரிக்க ப்ளூஸ் இசைக் கலைஞர்; 1923-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். பருத்தி பறித்தார், புல்டோசர் ஓட்டினார். ஆறடியைத் தாண்டிய உருவம். வாசிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். அதனால் மெல்லிய தந்தி மேலே வந்துவிட்டது. சுரத்தை ஏற்ற, மற்றவர்கள் அதை மேல்நோக்கித் தள்ளி வளைப்பார்கள். இவர் கீழ்நோக்கி இழுத்தார். இழுக்கும்போது கையின் முழு பலமும் கிடைக்கும். ஒரே சுரம் அழுதுகொண்டே ஏறுகிற மாதிரி இருக்கும். தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் கிடையாது, கட்டைவிரல்தான். மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவு செய்த பாடல்கள் 1967-இல் ஆல்பமாக வந்து பெரிய பெயர் வாங்கித் தந்தபோது அவருக்கு 44 வயது. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர்களான எரிக் கிளாப்டனும் ஸ்டீவி ரே வானும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. 1992-இல் மெம்பிஸில் காலமானார்.

சரி, உங்கள் மகன் விஷயம். வலது கைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் ஆல்பர்ட் கிங்கின் பலம் தனிச் சுரங்கள்தான், பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகள் (chords) அல்ல. வகுப்பிலோ முதலில் வருவது கார்டு. கவிழ்த்த கிட்டாரில், விரல் வைக்கும் இடம் காட்டும் புத்தகப் படம் எதுவும் ஒத்துவராது, பாவம், பையன் திணறுவான். இடது கைக் கிட்டார் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இடது கைக்காரர்தான். அவர் கவிழ்த்தாலும் தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டவர். வாத்தியாருக்கும் சிரமமில்லை: எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போலவே பையன் பார்த்து வாசிக்கலாம்.

பழைய கிட்டாரை மட்டும் விற்றுவிடாதீர்கள். வகுப்பில்லாத நாளில் அதைக் கவிழ்த்துப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். ஆல்பர்ட் கிங் சுருதியை இறக்கி, தந்திகளைத் தளர்வாகவே வைத்திருந்தார். இவனையும் முதலில் தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், விரல் தப்பிக்கும்.