அது கிடக்கட்டும் என்று எழுதாதே

அன்புள்ள அண்ணா,

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தவள். கூட ஒரு தோழி. லோகோ, கல்யாண வரவேற்புப் பலகை, சுவர் ஓவியம் என்று வருவதையெல்லாம் செய்கிறோம். இரண்டு வருஷமாகக் கையைக் கடிக்காமல் போகிறது, அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் ஓர் அறை எடுத்தால் பெரிய வேலைகள் வரும் என்று தோழி சொல்கிறாள். எடுக்கலாமா? இன்ஸ்டாகிராமில் எதைப் போடுவது, எதை விடுவது?

போன ஐப்பசியில் அங்கே கடற்கரையை ஒட்டிய வீதியில் ஒரு கஃபேயின் வெளிச்சுவரில் 12 அடிக்கு 9 அடி வரைந்தோம். பழைய வீடு. உரிமையாளர் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, வழவழவென்று வைத்திருந்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம். மாசியிலேயே கீழ்ப்பக்கம் உரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு முறை காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தோம். மறுபடி உரிகிறது. பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறார். அதே ஓவியத்தைக் கோப்பைகளில் அச்சடித்து விற்கவும் செய்கிறார். அது கிடக்கட்டும். இடம் மாற்றுவது பற்றித்தான் உங்கள் கருத்து வேண்டும். படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணா என்று எழுதியிருப்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

ஒயிட் டவுனில் அறை எடுக்காதே. சுவர் ஓவியம் வேண்டும் என்பவர் உன் மாடி ஏறி வரப்போவதில்லை, நீதான் அவர் சுவருக்குப் போகிறாய். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்த வாடகையில் நல்ல ஏணி வாங்கலாம், சொந்தமாகச் சாரக் குழாய்கள் வாங்கலாம். இன்ஸ்டாகிராமில் வேலை முடிந்த நாள் எடுத்த படத்தோடு ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்தையும் போடு. அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

நீ ‘அது கிடக்கட்டும்’ என்று தள்ளிய இடத்தில்தான் உன் ஸ்டூடியோ கிடக்கிறது. கடற்கரையை ஒட்டிய வீதிகளில் நடந்து பார். இடுப்பு உயரம் வரை தோல் உரிந்து, அதற்கு மேலே பளிச்சென்று நிற்கும் சுவர் ஓவியங்கள் எத்தனை! வரைந்தவர்களின் கையில் குறையில்லை. சுவரைப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொஞ்ச நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருந்ததும் இதுதான், அதனால்தான் உன் கடிதத்தை எடுத்தேன்.

வழவழவென்று இருந்தது என்கிறாய். அந்த வழவழப்பைத்தான் நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அங்கே பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. தரையிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். இதை ஓதம் என்போம். பெரும்பாலும் மூன்று, மூன்றரை அடி வரை ஏறும், வரும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவரும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் தட்டினால் உதிரும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் என்று நினைக்காதே. உப்போடு உதிர்ந்துபோன தோலுக்குப் புதுத்தோல் போடும் வேலை அது. இப்போது அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து மூடிவிடுகிறார்கள். ஈரம் உள்ளேயே நிற்கிறது. உப்பு பெயிண்டுக்குப் பின்னால் பளிங்குபோல இறுகி, பருத்து, பெயிண்டை நெம்பித் தள்ளுகிறது. எத்தனை முறை இலவசமாக வரைந்தாலும் இதே கதைதான். முதல் முறை உரிந்தபோது காரணம் கேட்காமல் மேலேயே தூரிகையை வைத்தாயே, அதற்கு உன்னைக் கண்டிக்காமல் விடமாட்டேன். ஐப்பசியில் அடைமழை என்பது பழமொழி. அந்த மாசத்தில் வெளிச்சுவரில் வேலை எடுத்தது இன்னொரு தப்பு.

நாளைக்கே அங்கே போ. உரிந்து தொங்கும் சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார். பின்பக்கத்தில் வெள்ளை மாவு அப்பியிருந்தால், பட்டி ஈரத்தில் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே அடிக்க வேண்டிய அக்ரிலிக் பட்டியை வெளிச்சுவரில் பூசினால் இப்படித்தான் ஆகும். பஞ்சு போல மெல்லிய இழைகள் ஒட்டியிருந்தால் உப்பு. மணலும் காரையும் சேர்ந்து வந்திருந்தால் பூச்சே செத்துவிட்டது. பின்பக்கம் சுத்தமாக, கண்ணாடிபோல இருந்தால் பெயிண்ட் எதன்மேலும் பிடிக்கவே இல்லை. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, இல்லாவிட்டால் அடித்த நாளில் சுவரில் ஈரம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

இனி எந்தச் சுவரையும் வரைவதற்கு முன் சோதனை செய். ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டு. மாலை ஆறு மணிக்கு ஒட்டி மறுநாள் காலை பத்துக்குப் பிரி. தரையை ஒட்டி ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று மூன்று இடத்தில். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் பனித்திருந்தால் அது கடற்காற்றின் ஈரம். அடுத்து, பழைய பெயிண்டில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. கட்டங்கள் டேப்போடு வந்தால் அதன்மேல் நீ வரைவதும் வரும். உள்ளங்கையால் தேய்த்துப் பார், மாவு ஒட்டினால் உப்புத்தாள் போடாமல் தொடாதே. புதுசாக சிமென்ட் பூசிய சுவர் என்றால் 28 நாள் பொறு, சிமென்ட்டின் காரம் (ஆல்கலி) தாங்கும் பிரைமர் அடி. அந்தக் காரத்தில் பிரஷ்யன் நீலம் செத்துவிடும்.

உப்பு விஷயத்தில் பலர் குழம்புவார்கள். காற்றில் வந்து சுவர்மேல் படிந்த கடலுப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். உள்ளிருந்து பூக்கும் உப்பைக் கழுவவே கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கீழே தாள் விரித்து அள்ளிக் கொட்டு.

உன் சுவருக்கு வருகிறேன். மேல்பகுதி மூன்று சோதனையும் தாங்கினால் அதைத் தொடாதே. கீழே நாலடிக்குப் பெயிண்ட், பட்டி, சிமென்ட் எல்லாவற்றையும் செங்கல் வரை சுரண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடு: உடைந்த மழைநீர்க் குழாய், ஏசி சொட்டும் குழாய், சுவரை ஒட்டி வைத்த பூந்தொட்டிகள். அதை நிறுத்தாமல் மற்றது எதுவும் பலிக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் காயவிடு. செங்கல் ஓர் அங்குலம் காய ஒரு மாசம் என்பது தோராயக் கணக்கு. பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசச் சொல். கொத்தனார் கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கிறேன் என்றால் சேர்க்கட்டும். ஒரு பிடி சிமென்ட் போட்டால் கெட்டியாகும் என்றால் முடியாது என்று சொல்லிவிடு. ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த நாலடிப் பட்டையில் அக்ரிலிக் பெயிண்ட் வேண்டாம். நீர்க்கச் சுண்ணாம்பு கரைத்து, செங்காவியோ மஞ்சள் காவியோ கலந்து, நாளுக்கு ஒரு கை வீதம் நாலு கை அடி. காவியும் இரும்பு ஆக்சைடு நிறங்களும் சுண்ணாம்பின் காரத்தையும் வெயிலையும் தாங்கும். ஓவியம் அந்தப் பட்டைக்கு மேலே தொடங்கட்டும், பட்டையையும் ஓவியத்தின் தரையாக வைத்துக்கொள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் அதை மட்டும் புதுப்பித்தால் போதும். ஆவணிக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

விழுப்புரம் பக்கம் பனமலைக் கோயிலுக்கு ஒரு நாள் போய்வா. ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சுவர் ஓவியத்தில் உமை, தலைக்கு மேலே குடை, ஒரு கால் மடித்து நிற்கிறாள். 1300 வருஷம் ஆகிறது. சுற்றியிருந்தவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. சுண்ணாம்புப் பூச்சு நின்ற இடத்தில் மட்டும் அவள் நிற்கிறாள்.

பணத்துக்கு வருவோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசியதால்தான் சுவரின் பாவமும் உன் தலையில் விழுந்தது. கொட்டேஷனில் சுவர் சோதனை ஒரு வரி, சுவர் வேலை ஒரு வரி, சாரம் ஒரு வரி, வரைபடம் ஒரு வரி, பெயிண்ட் ஒரு வரி, ஆள்நாள் ஒரு வரி என்று பிரித்து எழுது. 108 சதுர அடிக்கு இரண்டு கை எமல்ஷன் இரண்டு லிட்டர் சுமாருக்கு வரும். பெயிண்ட் செலவு சின்னது, உன் நாட்கள்தான் பெரிது. வரைபடம் ஒப்புக்கொண்டதும் 40 சதவீதம், அடிப்பூச்சு முடிந்ததும் 40, முடிவில் 20. ஓதத்தால் வரும் சேதம் உன் பொறுப்பில்லை என்று ஒரு வரி, அதன் கீழே அவர் கையெழுத்து. இந்தப் பாக்கிக்காகச் சண்டைக்குப் போகாதே, உன்னிடம் காகிதம் இல்லை. சுவரை அவர் செலவில் சரிசெய்ய வழி சொல்லிப் பேசு, பாதியாவது வரும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துவை. பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைக்கு, வாங்கும் நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் சட்டப்படி வட்டியோடு கேட்கலாம்.

கோப்பை விஷயம் உனக்குப் பிடிக்காது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். அச்சடிக்கும் உரிமை என்னிடமே என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். ஆனால் உன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை 57-ஆவது பிரிவில் இருக்கிறது, அதை யாரும் பறிக்க முடியாது. டெல்லி விக்யான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்ததற்காக அமர்நாத் சேகல் இந்தப் பிரிவை வைத்துத்தான் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2005-இல் ஜெயித்தார். கோப்பையில் உன் பெயரைக் கேட்டு இன்றைக்கே எழுது.

அப்புறம் அந்தச் சில்லின் பின்பக்கத்தை வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. நீ இணைத்திருந்த ஏழு படமும் முன்பக்கம்தான்.

அன்புடன்,
அண்ணா