உடைந்த கண்ணாடியும் கல்யாணமும்

வணக்கம் சார்,

வரைந்துகொண்டிருக்கும் பெண்ணின் ஓவியத்தை (1801, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம்) உங்கள் தளத்தில் பார்த்தேன். அவள் மடியில் வரைபலகை, சன்னலுக்கு வெளியே ஒரு ஜோடி, சன்னலில் உடைந்த கண்ணாடி. கல்யாணம் ஆனால் கலை உடையும் என்றுதான் ஓவியர் சொல்கிறாரா? அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கல்யாணம் என்றாலே தூரிகைக்கு முழுக்குதானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உடைந்த கண்ணாடியில் அவ்வளவு சுமை ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. படத்தை இன்னொரு முறை பாருங்கள். அந்த ஜோடி இருப்பது அவள் முதுகுக்குப் பின்னால். அவள் நிமிர்ந்து பார்ப்பது நம்மை. ஏதோ நம் முகத்தைத்தான் வரைகிறாள் என்பதுபோல.

ஆனால் அவள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஷார்லோத் தியு வால் தோன்யு என்ற அந்தப் பெண் ஓவியராக வேண்டும் என்று கற்றவர். கல்யாணமானதும் விட்டுவிட்டார்.

அவரை வரைந்தவர் கதை நேர்மாறு. இப்போது பெரும்பாலோர் ஏற்பது மரி-தெனிஸ் வில்லெர் என்ற பெயரை. 1794-இல் கட்டடக்கலை மாணவர் ஒருவரை மணந்தார். பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதன்முதலாகப் படம் வைத்ததே 1799-இல்தான். தூரிகை வெளியே தெரிய வந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்! (இந்தப் படத்தை ரொம்ப காலம் பிரெஞ்சு ஓவிய மேதை தவீத் வரைந்தது என்று கொண்டாடினார்கள். 1951-இல் கலை வரலாற்றாளர் ஷார்ல் ஸ்டெர்லிங் அது தவீத் இல்லை, ஒரு பெண்ணாக இருக்கலாம் என்றார். கூடவே, சாமர்த்தியமாக மறைத்த பலவீனங்களும் அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டன. அதுவரை எங்கே இருந்தனவோ.)

ஆக, தாலி மட்டும் காரணமில்லை. புருஷன் என்ன உத்தியோகத்தில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே காலத்து இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மரி-கியெமின் பெனுவா 1793-இல் மணந்தார், அதன் பிறகும் இருபது வருஷம் வரைந்தார். 1800 சலோனில் அவர் வைத்த கறுப்பினப் பெண்ணின் உருவப்படம் பெரும் பேச்சானது. 1814-இல் பிரான்சில் மன்னராட்சி திரும்பியது, கணவருக்கு அரசு ஆலோசனை மன்றத்தில் பதவி கிடைத்தது. அவ்வளவு பெரிய மனிதரின் மனைவி பொதுக் கண்காட்சியில் படம் மாட்டலாமா? நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். தன் இத்தனை வருஷ உழைப்பு இப்படிப் போகிறதே என்று கணவருக்கே வேதனையோடு கடிதம் எழுதினார்.

1818-இல் அதே மன்னராட்சி, பதினெட்டாம் லூயியின் காலத்தில், அந்த 1800 ஓவியத்தை பாரிஸ் லூவ்ர் மியூசியத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியது.