சிவகபிலர் மலையும் தாத்தா சுட்ட சுண்ணாம்பும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பர்மாவுல தாட்டோன்ல இருக்கேன். வர்ற லீவுல கரென் மாநிலத்துப் பா-ஆன் போய் சுவேகபின் மலை ஏறலாம்னு நாலு பேரு பேசி வச்சிருக்கோம். எங்க மாமா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பினாரு, சுவேகபின்ங்கிறது 'சிவகபிலர்' பேரு மருவினதாம், உச்சியில சித்தர் சமாதி இருந்துச்சாம், அது மேலதான் பயா, அதான் புத்தர் கோயில், கட்டிட்டாங்களாம். இது உண்மையாண்ணே? இல்லன்னா அது வெறும் கல்லு மலைதானே, அவ்வளவு படி எதுக்கு ஏறணும்? எவ்வளவு நேரம் ஆகும், குரங்குத் தொல்லை உண்டா?

இப்படிக்கு, தாட்டோன் தம்பி

---

தம்பி,

சிவகபிலர் கதை பொய். மாமாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லிடு. அங்க வாழுற கரென் இனத்துக்காரங்க அந்த மலைய க்வேகபாவ்னு கூப்பிடுறாங்க, தலைமுறை தலைமுறையா அவங்க மலை அது. பா-ஆன்ங்கிற ஊர்ப் பேருக்கே பாம்பு தவளையக் கக்கின கதை ஒண்ணு வச்சிருக்காங்க, அந்தத் தவளையையாச்சும் நாம விட்டு வைப்போம். ஊரான் பேரெல்லாம் தமிழா விழுதுன்னா அது காதோட கோளாறு.

கோவத்துல எழுதுறேன்னு நினைக்காத. பள்ளிக்கூடத்துல பர்மாப் பேரு வீட்டுல தமிழ்ப் பேருன்னு ரெண்டு பேரோட வளர்ந்தவன்தான் நானும், யாராச்சும் இந்தியாக்காரன்னு மட்டமா 'கலா'ன்னு கூப்பிட்டா முதுகு தன்னால கூனிக்கும், நம்மது ஏதாவது ஒண்ணு இந்த மண்ணுல நிலைச்சு நிக்காதான்னு மனசு தேடும், தெரியும்டா. அதுக்காக அடுத்தவன் சாமிக்குக் கீழ நம்ம சமாதியத் தோண்டக் கூடாது.

ஆனா "வெறும் கல்லு மலை"ன்னு எழுதின பாரு, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. அது சுண்ணாம்புக்கல்லு. 25 கோடி வருஷத்துக்கும் முன்னாடி கடலடியில செத்து விழுந்த பூச்சி, சிப்பியோட ஓடெல்லாம் படிஞ்சு படிஞ்சு இறுகினது, இன்னிக்கு 722 மீட்டர் உசரத்துக்கு வயக்காட்டு நடுவுல குத்தா நிக்குது. மழைத் தண்ணி காத்துல இருக்கிற கரியமில வாயுவ இழுத்துக்கிட்டு லேசா புளிச்சுப் போய் அந்தக் கல்லக் கரைக்குது, நீ செல்ஃபி எடுக்கிற சதான் குகை மாதிரி குகையெல்லாம் அப்படி வந்ததுதான்.

நத்தை பாத்திருக்கியா அங்க? பாத்திருக்க மாட்ட, சித்தரத் தேடுற கண்ணுக்கு நத்தை தெரியாது. ஓடு கட்ட நத்தைக்கு சுண்ணாம்பு வேணும், அதனால மலையோடயே ஒட்டிக்கிட்டு வாழும், சுத்தி இருக்கிற நெல்லு வயலு அதுக்குக் கடல் மாதிரி, தாண்டாது. அப்படியே லட்சக்கணக்கான வருஷம் தனியா கிடந்து ஒவ்வொரு குன்னுலயும் வேற வேற ஜாதியா ஆயிடுது. ஸ்டோலிச்கான்னு ஒரு ஆளு, கல்கத்தாவுல இந்திய ஜியாலஜிகல் சர்வேல வேலை பாத்தவரு, பா-ஆனுக்குத் தெக்க இருக்கிற மோல்மேன் ஊரு சுத்துவட்டார நத்தைகளப் பத்தியே 1871-ல ஒரு கட்டுரை போட்டாரு, புது வகைகளுக்குப் பேரு வச்சு. பல்லியும் அப்படித்தான். மியான்மர் சுண்ணாம்புக் குன்னுகள்ல இருந்து 2018-ல ஒரே கட்டுரையில 12 புதுப் பல்லி வகைய அறிவிச்சாங்க. உன் சுவேகபின் பேரையே வச்ச ஒரு குட்டிப் பல்லி கூட இருக்கு, தெரியுமா? ரெண்டே கிராம் எடையில ஒரு வௌவால் இருக்கே, அதுவும் கரென் மாநிலத்துக் குகைகள்ல உண்டு. சிமெண்டுக்குன்னு ஒரு குன்ன வெடி வச்சுத் தரைமட்டமாக்கினா, அந்தக் குன்னுல மட்டும் இருந்த நத்தை உலகத்துலயே முடிஞ்சு போச்சு, பேரு வைக்கவே ஆளு வந்திருக்க மாட்டான். இதையா வெறும் கல்லுங்கிற?

சரி, திட்டினது போதும். உன் கடிதம் வந்த அன்னிக்குக் காலையிலதான் பரண சுத்தம் பண்ணும்போது எங்க பாட்டியோட சுண்ணாம்பு டப்பா கிடைச்சுது, தகர டப்பா, உள்ள சுண்ணாம்பு காஞ்சு கல்லாவே ஆயிருந்துச்சு. தாத்தா ராமநாதபுரத்துல இருந்து வந்து மோல்மேன் பக்கம் ஆத்தோரமா ஒரு சுண்ணாம்புக் காளவாயில வேலை பாத்தவரு. படகுல குன்னுக் கல்லு வரும், ஒரு அடுக்கு விறகு ஒரு அடுக்கு கல்லுன்னு அடுக்கி ராப்பகலா எரிப்பாங்க, 900 டிகிரிக்கு மேல சூடு ஏறணும்னு இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அவரு தீயோட நிறத்தப் பாத்தே சொல்வாராம். அப்பர ஏழு நாள் உள்ள போட்டு அடைச்சாங்களே நீற்றறை, அது இப்படித்தான் இருக்கும்னு பாட்டி சொல்லும். 100 கிலோ கல்லு போட்டா 56 கிலோதான் மிஞ்சும், மீதி கரியமில வாயுவாப் போயிடும். முதலாளி அந்த எடைக் குறைச்சலையும் கூலியில பிடிச்சான்னு தாத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தித் தாளிக்கும்போது தெறிச்சு ஒரு கண்ணும் போச்சு. 1964-ல பெரியப்பா குடும்பமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினப்ப, ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு புது ஊருல என்ன பண்றதுன்னு தாத்தா இங்கயே தங்கிட்டாரு.

அந்தச் சுண்ணாம்பு எங்க போச்சு தெரியுமா? பாதி வெத்தலைக்கு, குன்யான்னு பீடா மடிக்கிற கடைக்கு. மீதி பயாவுக்கு வெள்ளை அடிக்க. சுவேகபின் உச்சிக்கும் ஒரு தடவை தலைச்சுமையா ஏத்தினாங்களாம், தாத்தாவும் ஒரு மூட்டை தூக்கினாராம். குன்னுல இருந்து எடுத்த கல்லு, வெந்து நீறாகி, திரும்ப குன்னு மேலயே ஏறி, சுவத்துல காத்துல இருக்கிற அதே வாயுவக் குடிச்சு மறுபடியும் கல்லா ஆயிடுது. பாட்டி டப்பாவுல நடந்ததும் அதுதான். நம்ம ஆளுங்க அடையாளம் வேணும்னு கேக்கிறியே, அது அந்த வெள்ளைதான்டா. வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை அடிக்கிற ஊரு, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைஞ்சு கீழ போயிருக்கும்.

ம், கேட்டதுக்கு வர்றேன். ஏற ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோ, தண்ணி எடுத்துக்கோ. குரங்கு உண்டு, அது அதோட வீடு, நீ தின்பண்டத்தக் கையில வச்சு ஆட்டாம இருந்தா போதும். 2021-ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் ரோடு எப்ப எப்படி இருக்கும்னு வீட்டுல உக்காந்துகிட்டு நான் சொல்ல முடியாது, அந்த ஊரு ஆளக் கேக்காம கிளம்பாத. மேல போனதும் பயா சுவத்த ஒரு விரலால தடவிப் பாரு. வெள்ளை விரல்ல ஒட்டினா சுண்ணாம்பு, ஒட்டலன்னா பெயிண்டு. எதுன்னு எனக்கு எழுது.

அண்ணன்