ஒரிஜினல் என்று சொல்லி வேறு பேரிங், இன்ஜினே போய்விட்டது

கேள்வி: சொந்த டாக்சியை நானே ஓட்டிப் பிழைக்கிறேன். இன்ஜினைப் பிரித்து வேலை செய்த ஒர்க்ஷாப்பில் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கம்பெனி ஒரிஜினல் என்றார்கள். பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. நான்கே மாதத்தில் ஓடும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, கனெக்டிங் ராட் பேரிங் கம்பெனியுடையது அல்ல என்கிறார். ஒர்க்ஷாப்போ நான் ஆயில் பார்க்காமல் ஓட்டியதாகவும், வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும் சொல்கிறது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் முதலில் அந்த மெக்கானிக்கிடம், கழற்றிய எதையும் கழுவவோ தூக்கிப்போடவோ வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். பேரிங், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஆயில் ஃபில்டர், மிச்சமிருக்கும் ஆயில் எல்லாம் அப்படியே வேண்டும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பிழைப்பு போகிறது என்பது தெரிந்தே சொல்கிறேன். பாகங்கள் பழைய இரும்புக்குப் போன பிறகு வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

வெளிப் பாகம் போட்டதே குற்றம் என்று மட்டும் வாதிடாதீர்கள். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் நிறுவனங்களே தங்கள் பெயரிலும் அவற்றை விற்பதுண்டு. நல்ல பாகம் வெளியிலும் கிடைக்கும். ஆபத்து பாகத்தின் அளவு பிசகுவதில்தான் இருக்கிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசி, கிராங்க் முதல் இன்ஜினின் உடலான பிளாக் வரை சேதமாகும். தடிமன் சரியில்லாத பேரிங்கும் இதைச் செய்யும், ஆயில் குறைவும் செய்யும். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப்போவது இந்த இடத்தைத்தான்.

ஆகவே புகாரில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒரிஜினல் என்று பில் போட்டு வேறு பாகம் மாட்டியது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இதற்கு இன்ஜின் ஏன் போனது என்று நிரூபிக்கத் தேவையில்லை. பில்லும் பேரிங்கும் போதும். இன்ஜின் சேதத்துக்கான இழப்பீடு வேறு. அது 2(11) பிரிவில் வரும் சேவைக் குறைபாடு. அங்கே காரணத்தைக் காட்டியாக வேண்டும். தகுதியுள்ள ஆட்டோமொபைல் இன்ஜினியர் ஒருவரை வைத்து, படங்களுடன் எழுத்துபூர்வ அறிக்கை வாங்குங்கள். பாகத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்படி 38ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் ஆணையத்திடமும் கேட்கலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆயில் மாற்றிய ரசீதுகள் இருந்தால் அவை உங்களுக்குப் பெரிய பலம். இரண்டாவது கோரிக்கை தோற்றாலும் முதலாவது நிற்கும்.

வாடகை வண்டி என்ற வாதத்துக்கு அஞ்ச வேண்டாம். வாழ்வாதாரத்துக்காக மட்டும் சுயதொழில் செய்பவரை 2(7) பிரிவின் விளக்கம் நுகர்வோராகவே ஏற்கிறது. பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவர் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்; கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் ஒர்க்ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, குறிப்பிட்ட தேதியில் தங்கள் ஆளை அனுப்பிப் பாகங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வராவிட்டால், பாகத்தை நீங்கள் மாற்றிவிட்டதாக அவர்கள் பின்னால் சொல்வது எடுபடாது.