வெள்ளையாய்ப் போன முத்திரை

அன்புள்ள ஐயா,

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், பழைய ஈராக்கை ஆண்ட அசீரியர்கள் களிமண்ணில் உருட்டிப் பதித்த உருளை முத்திரைகளைப் பார்த்தேன். நல்ல நல்ல கற்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளிறிப்போன சில இருந்தன. 'ஃபையான்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். பேரரசை ஆண்டவர்களுக்கு எதற்கு இந்தப் போலிக் கல்? அதைக் கொண்டு போட்ட முத்திரை செல்லுமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த வெள்ளை பிறவி நிறமாக இருக்காது. பொடித்த மணலோடு கொஞ்சம் சுண்ணாம்பு, செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு சேர்த்துச் செய்வது ஃபையான்ஸ். சூளையில் வெந்ததும் மேல்பரப்பு கண்ணாடியாக உருகி, பச்சை கலந்த நீலத்தில் மினுங்கும். ஈர மண்ணில் 2,700 ஆண்டுகள் கிடந்தால் அது நிற்குமா? அடுத்த முறை கோடுகளின் பள்ளத்தைக் கவனியுங்கள். சிலவற்றில் அங்கே மட்டும் பச்சை ஒட்டியிருக்கும்.

போலி என்பதை முழுக்க மறுக்கமாட்டேன். அசல் நீலக்கல்லான லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானின் மலைகளிலிருந்து வர வேண்டும், எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் செய்கிறவனுக்கு இதில் வேறு வசதியும் உண்டு. கலவை புட்டு மாவு போல உதிரும், வனைய வராது. ஆனாலும் உருட்டிக் காயவைத்து, சூளைக்குப் போகுமுன் கீறிவிடலாம். கல்லைக் குடைகிற பாடு இல்லை. அதனால்தான் கி.மு. 9, 8-ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் எல்லாம் கோடுகளாகவே இருக்கின்றன: மண்டியிட்டு வில்லை வளைக்கும் ஒருவன், எதிரே கொம்பு முளைத்த பாம்பு. எனக்கென்னவோ வழவழப்பான கல் முத்திரைகளைவிட இந்த அவசரக் கோடுகள்தான் பிடிக்கும். அசீரியர்கள் கண்டுபிடித்ததும் இல்லை இது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வட சிரியாப் பக்கம் இருந்த மித்தானி நாட்டில் ஃபையான்ஸ் முத்திரைகளைக் குவியலாகச் செய்து தள்ளியிருக்கிறார்கள்.

சரி, செல்லுமா? தாராளமாக. அசீரியாவில் நிலமோ வீடோ அடிமையோ விற்றால், விற்பவர் களிமண் பத்திரத்தின் மேல்பகுதியில் முத்திரையை உருட்டுவார். கீழே சாட்சிகளின் பெயர், தேதி. முத்திரையே இல்லாதவர் ஈரக் களிமண்ணில் நகத்தை அழுத்துவார். 'முத்திரைக்குப் பதிலாக நகம் வைத்தார்' என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். நகமே செல்லுகிற இடத்தில் ஃபையான்ஸுக்கு என்ன குறை?

அப்புறம், ஆண்டவர்களைப் பற்றிக் கேட்டீர்களே. அசீரிய அரசு முத்திரை உருளையே அல்ல. மன்னர் சிங்கத்தைக் குத்தும் காட்சி பொறித்த அச்சு முத்திரை அது, உருட்டாமல் அழுத்திப் பதிப்பது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.