கேள்வி நேரம்: கோட்டை கட்டிய நிலா

"எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை" என்கிறார்களே, குறுவை நெல் களத்தில் காயும்போது இதை நம்பி அள்ளிவிடலாமா? எது எட்ட, எது கிட்ட?
– வாசகர், மன்னார்குடி

கோட்டை என்பது நிலாவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம். கையை நன்றாக நீட்டி, கட்டைவிரல் நுனியால் நிலாவை மறைத்து, விரல்களை விரியுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டால் அது எட்டக் கோட்டை. சுமார் 22 பாகை. ஆறேழு கிலோமீட்டருக்கு மேலே சல்லாத்துணி போலப் பரவும் மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் வருவது; உள்விளிம்பு லேசாகச் சிவந்திருக்கும். நிலாவை ஒட்டி, வெளிவிளிம்பு சிவந்து தெரிவது கிட்டக் கோட்டை. நீர்த்துளி மேகம் மெல்லிசாகக் கடக்கும் எந்த இரவிலும் அது வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஐப்பசியில் எட்டக் கோட்டைக்கு மதிப்பு உண்டு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் அதன் உச்சி மேகம் வெகுதூரம் முன்னதாகவே பரவிவிடும். மறுநாள் காலையில் சூரியன் மங்கி, மேகம் தடித்துக்கொண்டே போனால் நெல்லை அள்ளிவிடுங்கள். வானம் வெளுத்தால் காயட்டும். மாசி, பங்குனியில் இதே கோட்டை தெரியும், ஆனால் பெரும்பாலும் சொட்டு மழை இருக்காது. கோடை இடிமழை ஓய்ந்தபின் மிஞ்சிய மேகத்திலும் தெரியும். அது பெய்த மழைக்குச் சாட்சி, அவ்வளவுதான்.

எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை என்பது உண்மையா?
– வாசகி, மணப்பாறை

வாயில் கவ்வியிருப்பது பெரும்பாலும் முட்டை அல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். புற்றில் ஈரமோ சூடோ ஏறினாலும் இடம் மாறும். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தாலே போதும். தண்ணீர் படாத இடத்தில், ஒரே நாளில் பல புற்றுகள் காலியானால் மட்டும் கவனியுங்கள். ஈசல் வேறு கதை: மண் நனைந்த பிறகுதான் பெரும்பாலும் கிளம்பும்.

மார்கழிக் கர்ப்போட்டத்தில் தூறினால் அடுத்த மழை கெட்டுவிடுமா?
– வாசகர், கோவில்பட்டி

கர்ப்போட்டம் என்பது சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் 14 நாட்கள்; டிசம்பர் 28 வாக்கில் தொடங்கும். மேகம் ஓடினால் கர்ப்பம் தரித்தது, தூறினால் கலைந்தது என்பது நம்பிக்கை. வராகமிகிரரின் பழைய சோதிட நூலான பிருகத் சம்ஹிதை, தரித்த கர்ப்பம் 195 நாளில் மழையாகும் என்கிறது. எண்ணிப் பாருங்கள், ஜூலை 11 வருகிறது. அது தென்மேற்குப் பருவம்; உங்கள் கரிசல் நம்பியிருப்பதோ ஐப்பசி, கார்த்திகை மழையை. கணக்கே உங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. மார்கழித் தூறலுக்குப் பயந்து பயிரை மாற்றாதீர்கள். புரட்டாசி மழைக்குப் பின் குச்சியால் தோண்டி, ஒரு சாண் ஆழம் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து விதையுங்கள்.