பெல்ட் அறுந்ததற்கு இன்ஜினையே திறக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, போன வாரம் என் கணவர் கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது காடி திடீரென்று நின்றுவிட்டது. புகை இல்லை, பெரிய சத்தமும் இல்லை. நாலைந்து முறை சாவியைத் திருப்பியும் பிடிக்கவில்லை. பட்டறைக்கு இழுத்துப் போனால், டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் ஃபோர்மேன். ஒரு ரப்பர் பெல்ட்டுக்கா இவ்வளவு? மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காடி அது. என் தம்பி தன் மைவி காடிக்கு பெல்ட் மாற்றியதே இல்லை. மகனிடம் 2010 சாகா காடி இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டுமா?
- வாசகி, செந்தூல்

பதில்: சகோதரி, ஃபோர்மேன் சொல்வது நடக்கக்கூடியதுதான். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும், அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது டைமிங் பெல்ட். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 50 முறை மேலே வந்து போகிறது. பெல்ட் அறுந்தால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும், ஆனால் காடி ஓடிவந்த வேகத்தில் பிஸ்டன் மட்டும் நிற்காமல் மேலே வந்து அவற்றை இடிக்கும். எல்லா இன்ஜினிலும் இப்படி ஆகாது, சிலவற்றில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே போதிய இடம் விட்டிருப்பார்கள். அப்புறம், நின்ற காடியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தது தப்பு. தப்பிப் பிழைத்த வால்வும் அதில் வளையலாம்.

சந்தேகம் இருந்தால் ஹெட்டைக் கழற்றும் அன்று நேரில் போய் நில்லுங்கள். பிஸ்டன் தலையில் பிறை மாதிரி இடித்த தடம் தெரியும். கழற்றிய வால்வைக் கண்ணாடி மேல் உருட்டச் சொல்லுங்கள், வளைந்தது ஆடி ஆடித்தான் உருளும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் வேறு பட்டறை பாருங்கள். ஹாஃப் கட், அதாவது வெட்டிக் கொண்டுவந்த பழைய காடியின் இன்ஜின் போடலாம் என்று சொன்னால், அதிலுள்ள பெல்ட்டுக்கும் வயது தெரியாது என்பதை மறக்காதீர்கள், பொருத்தும் முன்பே புதிது போட்டுவிட வேண்டும். இன்ஜின் எண் மாறுவதால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவையும் மாற்றியாக வேண்டும்.

தம்பியின் மைவியில் இருப்பது பெல்ட் இல்லை, செயின். எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் அது நீண்ட காலம் உழைக்கும். மகனின் சாகாவில் கேம்ப்ரோ இன்ஜின், அதில் பெல்ட்தான். ஆகவே கட்டாயம் பார்க்க வேண்டும்.

பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், உங்கள் காடிக்கான சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். நம் ஊரில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். காலையில் ஜாமில் ஒரு மணி நேரம் நிற்கும்போது மீட்டர் நகராது, ஆனால் அந்தச் சூட்டில் பெல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ரப்பருக்கு வயதும் உண்டு, அதனால் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஐந்து வருடம் ஆனதும் மாற்றிவிடுவது என் வழக்கம். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், விரிசலே தெரியாத பெல்ட்டும் அறுந்திருக்கிறது. பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியில் தாங்கிச் சுழலும் ஐட்லர் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஏனென்றால் பேரிங் இறுகி நின்றால் புது பெல்ட்டும் போய்விடும். உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடினால் அதையும் அப்போதே மாற்றினால் கூலி மிச்சம். கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் முனைகளில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல்கள் கசிந்து எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், எனவே அவையும் புதிதாக இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் காடி வாங்குகிறவர்கள், பழைய ரசீது கையில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மகனிடம் ரசீது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால், மாற்றி முடிக்கும்வரை அந்த சாகாவை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போக வேண்டாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி போனட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.